சென்று திரும்பும் மின்சாரம்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய அவையொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



விடிவதற்கு முன்பே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரங்களை நாடிச் செல்வது தோட்ட வாழ்க்கையின் முறை. அந்தச் சிறு விளக்கின் ஒளியிலேதான் மரத்தின் பட்டையும் முந்திய வெட்டுக்கோடும் தெரிகின்றன. வேலை முடிந்து வீடு திரும்பியதும் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டுகிறோம். விசிறி சுழல்கிறது, உலையில் சோறு கொதிக்கிறது, தொலைக்காட்சி பேசுகிறது. நெற்றி விளக்கை எரிப்பதும் மின்சாரமே; வீட்டு விசிறியைச் சுழற்றுவதும் மின்சாரமே. எனினும் இவ்விரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. முன்னது நேர்திசை மின்னோட்டம். பின்னது மாறுதிசை மின்னோட்டம். நாள்தோறும் இரண்டையும் கையாளுகின்ற நாம் அவற்றின் இயல்பை அறிந்திருக்கிறோமா?

இக்கேள்வியை எங்கள் மனத்தில் எழுப்பியவர் ஒரு மூதாட்டியார். சில காலத்திற்கு முன்பு ஒரு தோட்டத்திற்கு நாங்கள் சென்றிருந்தோம். அங்கே லயத்து வீடு ஒன்றின் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னே ஒரு சோடி ரப்பர்ச் செருப்பு வைக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டோம். "வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது, தம்பி. செருப்பைப் போட்டுக்கொண்டால் ஒன்றும் செய்வதில்லை" என்றார் அவர். இயந்திரத்திற்கு மின்சாரம் கொண்டுவந்த நீட்டுக் கம்பியைத் திறந்து பார்த்தோம். உள்ளே மூன்று கம்பிகள் இருந்தன. ஆனால் அவற்றுள் பச்சைக் கம்பி மட்டும் நறுக்கி விடப்பட்டிருந்தது. வீட்டு இளைஞர் விளக்கம் சொன்னார்: "சோதித்துப் பார்த்தோம், ஐயா. அந்தக் கம்பியில் மின்சாரமே வருவதில்லை. அது வீண்தானே?" உடனே மூதாட்டியார் கேட்டார்: "அப்படியானால் மின்சாரத்திற்கு எதற்குத்தான் மூன்று கம்பி?"

கேள்வி எளியது, அதன் விடையோ உயிர் காப்பது. அவ்விடையைப் படிப்படியாகக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

சுற்று முழுமையானால்தான் ஓட்டம்

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் இருத்திக்கொள்வோம். மின்சாரம் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு மற்றோர் இடத்தில் முடிந்துவிடுவதில்லை. புறப்பட்ட இடத்திற்கே அது திரும்பியாக வேண்டும். சென்று திரும்பும் அந்தப் பாதையையே மின்சுற்று என்கிறோம். பாதை எங்கேனும் அறுந்திருந்தால் ஓட்டமே இல்லை. சுவிட்சு செய்யும் வேலை இதுதான்: அது பாதையை இணைக்கிறது, அல்லது துண்டிக்கிறது.

இந்தச் சுற்றிலே மூன்று அளவுகள் உள்ளன. மின்சாரத்தை உந்தித் தள்ளும் விசை மின்னழுத்தம்; அதனை வோல்ட் என்னும் அளவால் குறிக்கிறோம். பாதையில் ஓடும் மின்சாரத்தின் அளவு மின்னோட்டம், அது ஆம்பியர். ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை மின்தடை, அது ஓம். மேட்டிலுள்ள தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். தொட்டியின் உயரம் மின்னழுத்தத்தைப் போன்றது. குழாயில் ஓடும் நீர் மின்னோட்டத்தைப் போன்றது. குழாயின் குறுகல் மின்தடையைப் போன்றது. அழுத்தம் மிகுந்தால் ஓட்டம் மிகும். தடை மிகுந்தால் ஓட்டம் குறையும். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்னும் திறன் கிடைக்கும்.

நம் நாட்டில் வீட்டு மின்னழுத்தம் முன்பு 240 வோல்ட் என்று வகுக்கப்பட்டிருந்தது. 2008 ஆம் ஆண்டு முதல் 230 வோல்ட் என்று வகுக்கப்பட்டுள்ளது. 2,000 வாட் கொதிகெண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2,000-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் வருகிறது. அதனுள்ளே இருக்கும் சூடாக்கும் கம்பியின் தடை ஏறக்குறைய 26 ஓம். மாறாக, 10 வாட் எல்.இ.டி. விளக்கோ ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கைக்கூட எடுப்பதில்லை. மூன்று கால் பிளக்கின் எல்லை 13 ஆம்பியர். அதாவது ஏறத்தாழ 3,000 வாட். ஒரே நீட்டுக் கம்பியில் கொதிகெண்டியையும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் 700 வாட் சோற்றுப் பானையையும் செருகினால் 3,700 வாட் ஆகிவிடுகிறது. கம்பி சூடேறுகிறது, உறை உருகுகிறது, பலகைச் சுவர் தீப்பற்றுகிறது. இந்தக் கூட்டல் கணக்கை நம் பிள்ளைகளே போட்டுச் சொல்லிவிடுவார்கள். கருவியின் அடியில் ஒட்டியுள்ள தாளில் வாட் எண்ணைப் பார்த்தால் போதும்.

வினாடிக்கு ஐம்பது முறை

இனி, இரு வகை மின்னோட்டங்களுக்கு வருவோம். நெற்றி விளக்கின் மின்கலத்தில் ஒரு முனை எப்போதும் நேர்முனை, மறுமுனை எப்போதும் எதிர்முனை. எனவே ஓட்டமும் ஒரே திசையில் செல்கிறது. இதுவே நேர்திசை மின்னோட்டம்.

வீட்டு மின்சாரம் அப்படியன்று. இரண்டு பேர் சேர்ந்து மரம் அறுக்கும் பெரிய இரம்பத்தை நாம் பார்த்திருக்கிறோம். இரம்பம் இப்பக்கம் வருகிறது, அப்பக்கம் போகிறது. அது எங்கும் பயணம் செய்வதில்லை. இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகிறது. எனினும் மரம் அறுபடுகிறது. மாறுதிசை மின்னோட்டமும் அவ்வாறே வேலை செய்கிறது. மின்நிலையத்தில் புறப்பட்ட மின்துகள் நம் வீட்டு விளக்கு வரை ஓடி வருவதில்லை. கம்பியில் உள்ள துகள்கள் தத்தம் இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகின்றன. ஆற்றல் மட்டும் வந்து சேருகிறது.

இந்த ஆட்டம் எப்படி உண்டாகிறது? கம்பிச் சுருளின் அருகே காந்தத்தை அசைத்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். மின்னாக்கியில் காந்தம் சுழல்கிறது. காந்தத்தின் வடமுனை சுருளைக் கடக்கும்போது அழுத்தம் ஒரு பக்கமாக உந்துகிறது. தென்முனை கடக்கும்போது மறுபக்கமாக உந்துகிறது. இவ்விரண்டும் சேர்ந்தது ஒரு சுழற்சி. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் உடையது. இதனை 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். ஒரு சுழற்சிக்கு ஆகும் நேரம் வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு.

முன்னாளில் பல தோட்டங்களில் சொந்த டீசல் எஞ்சின் இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாலையில் அது ஓடத் தொடங்கும். இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும். பின்னர் மண்ணெண்ணெய் விளக்குத்தான். எஞ்சின் தளர்ந்தால் லயம் முழுவதும் விளக்குகள் மங்கித் துடித்ததும் நினைவிருக்கும். நான்கு காந்த முனைகள் கொண்ட மின்னாக்கி 50 ஹெர்ட்ஸ் தரவேண்டுமானால் நிமிடத்திற்குச் சரியாக 1,500 முறை சுழல வேண்டும். வேகம் குறைந்தால் அழுத்தமும் சுழற்சியும் சேர்ந்தே குறையும். அன்று விளக்கு துடித்ததற்கு அதுவே காரணம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த 230 வோல்ட் என்பது ஒரு வகைச் சராசரி அளவு. இதே வெப்பத்தை உண்டாக்க எவ்வளவு நேர்திசை அழுத்தம் தேவையோ, அந்த அளவையே 230 என்கிறோம். உண்மையில் அழுத்தம் சுழியத்திலிருந்து ஏறி, ஏறக்குறைய 325 வோல்ட் என்னும் உச்சியைத் தொட்டு, மீண்டும் சுழியத்திற்கு இறங்கி, மறுதிசையிலும் அதே உச்சியைத் தொடுகிறது. இவ்வாறு வினாடிக்கு நூறு முறை நம் வீட்டுக் கம்பி 325 வோல்ட்டைத் தொட்டு வருகிறது.

ஏன் மாறுதிசை?

ஒரே திசையில் ஓடுவது எளிதாயிருக்க, முன்னும் பின்னும் ஆடுகின்ற மின்சாரத்தை உலகம் ஏன் தேர்ந்தெடுத்தது? தொலைவே காரணம். கம்பியில் மின்சாரம் ஓடும்போது கம்பி சூடாகி ஆற்றல் வீணாகிறது. ஓட்டம் இருமடங்கானால் வீணாகும் வெப்பம் நான்கு மடங்காகிறது. ஆகவே ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு அழுத்தத்தை உயர்த்த வேண்டும். எடுத்துக்காட்டாக, 46,000 வாட் திறனை ஒரு சோடிக் கம்பியில் 230 வோல்ட் அழுத்தத்தில் அனுப்பினால் 200 ஆம்பியர் ஓடும். அதையே 11,000 வோல்ட்டில் அனுப்பினால் நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல்தான் ஓடும். அதே கம்பியில் வீணாகும் வெப்பம் ஏறத்தாழ 2,300 மடங்கு குறைந்துவிடும்.

அழுத்தத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் துணைசெய்யும் கருவியே மின்மாற்றி. ஓர் இரும்புச் சட்டத்தில் இரண்டு சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும். ஒன்றில் மின்னோட்டம் மாறும்போது இரும்பின் காந்தமும் மாறுகிறது. அந்த மாற்றம் மற்றச் சுருளில் அழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. சுற்றுகளின் எண்ணிக்கை 48-க்கு ஒன்று என்றிருந்தால் 11,000 வோல்ட் ஏறத்தாழ 230 வோல்ட்டாக இறங்கும். இதில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. ஆனால் மாற்றம் இல்லாவிட்டால் மின்மாற்றி வேலை செய்யாது. மாறாத நேர்திசை ஓட்டத்தைக் கொடுத்தால் அது வெறும் இரும்புக்கட்டிதான். இந்த ஒரு சிறப்பினாலேயே 1880-களில் எடிசனின் நேர்திசை முறைக்கும் வெஸ்டிங்ஹவுஸ், டெஸ்லா ஆகியோரின் மாறுதிசை முறைக்கும் நடந்த போட்டியில் மாறுதிசை வென்றது. 1895 இல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்நிலையம் மாறுதிசை மின்னாக்கிகளைக் கொண்டு இயங்கத் தொடங்கியது.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் நம் நாட்டிலும் மின்சாரத்தின் வரலாறு தொடங்குகிறது. 1894 ஆம் ஆண்டில், சிலாங்கூர் மாநிலத்தின் ரவாங்கில், தம்புசாமி பிள்ளை அவர்களும் லோக் இயூ அவர்களும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவி, மின்சார நீரேற்றிகளை இயக்கினர். இந்நாட்டில் மின்னாக்கத்தைப் பற்றிய முதற் பதிவு அதுவே. அதில் ஒரு தமிழரின் பெயரும் இருப்பது நமக்குப் பெருமை. 1930 இல் பேராக் ஆற்றின் செண்டரோ நீர்மின் நிலையம் தொடங்கியது. இன்று தீபகற்பத்தின் குறுக்கே 500, 275, 132 கிலோவோல்ட் பெருங்கம்பிகள் ஓடுகின்றன. அவற்றின் அழுத்தம் படிப்படியாக இறக்கப்பட்டு, 11 கிலோவோல்ட்டாகத் தோட்டத்தின் வாயிலுக்கு வந்து, அங்குள்ள மின்மாற்றியில் 230 வோல்ட்டாகி வீட்டிற்குள் நுழைகிறது.

மூவகை எதிர்ப்பு

நேர்திசைச் சுற்றில் ஓட்டத்தை எதிர்ப்பது தடை ஒன்றே. மாறுதிசைச் சுற்றிலோ மூவகை எதிர்ப்புகள் உள்ளன.

முதலாவது, நாம் முன்னரே கண்ட தடை. கொதிகெண்டி, இஸ்திரிப் பெட்டி ஆகியவை இவ்வகை. அழுத்தம் ஏறும்போதே ஓட்டமும் ஏறும், இறங்கும்போதே இறங்கும்.

இரண்டாவது, சுருள். விசிறியிலும் மோட்டாரிலும் உள்ள கம்பிச் சுருள், ஓட்டம் மாறுவதையே எதிர்க்கிறது. பால் நிறைந்த தள்ளுவண்டியை எண்ணுங்கள். தள்ளியவுடன் அது ஓடுவதில்லை. தள்ளுவதை நிறுத்தியவுடன் நிற்பதுமில்லை. அவ்வாறே, சுருளில் ஓட்டமானது அழுத்தத்திற்குப் பின்தங்கி வருகிறது.

மூன்றாவது, மின்தேக்கி. இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மின்சாரம் கடக்காத ஒரு தாள் போன்ற அடுக்கு; அவ்வளவுதான். வெறும் வாளியில் நீர் ஊற்றும்போது முதலில் நீர் பாய்கிறது. பிறகே மட்டம் உயர்கிறது. அதைப்போல, மின்தேக்கியில் ஓட்டம் முந்துகிறது, அழுத்தம் பிந்துகிறது. நேர்திசை அழுத்தம் கொடுத்தால் மின்தேக்கி ஒருமுறை நிரம்பியவுடன் ஓட்டம் நின்றுவிடும். மாறுதிசை அழுத்தத்திலோ, அது நிரம்புவதும் வடிவதுமாக இருப்பதால், சுற்றில் ஓட்டம் ஓயாமல் நடக்கும். தகடுகள் ஒன்றையொன்று தொடாமலே மாறுதிசை மின்னோட்டம் இவ்வாறு கடந்து செல்கிறது. இதனை நினைவில் வையுங்கள். மூதாட்டியாரின் கதைக்கு இது வேண்டியிருக்கும்.

நம் வீட்டுக் கூரை விசிறிகள் பலவற்றில் இவ்விரண்டையும் ஒருங்கே காணலாம். சுவிட்சைத் தட்டியும் விசிறி சுழலாமல் முனகிக்கொண்டிருக்கும். குச்சியால் சற்றுத் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்கும். பெரும்பாலும் அதன் மின்தேக்கி கெட்டிருப்பதே காரணம். விசிறியின் இரு சுருள்களில் ஒன்றின் ஓட்டத்தை மின்தேக்கி முந்தச் செய்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக வரும் அவ்விரு உந்துதல்களாலேதான் விசிறி தானே சுழலத் தொடங்குகிறது.

தோட்டத்து ஆலைகளில் பெரிய மோட்டார்கள் ஓடுகின்றன. அவற்றின் சுருள்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது ஆற்றலை வாங்கிக் காந்தமாக வைத்திருந்து, உடனே திருப்பித் தந்துவிடுகின்றன. இது கைமாற்றுப் போன்றது. வாங்கியதைத் திருப்பிவிட்டோம், செலவு ஒன்றுமில்லை. ஆனால் கொண்டுபோகவும் கொண்டுவரவும் வண்டி ஓடியிருக்கிறது அல்லவா? அதனால் கம்பியில் ஓட்டம் மிகுகிறது. உண்மையில் வேலைக்குப் பயன்பட்ட திறன், கம்பி சுமந்த அளவில் எத்தனை பங்கு என்பதையே திறன் காரணி என்பர். அது 0.5 ஆக இருந்தால், அதே வேலைக்குக் கம்பி இருமடங்கு ஓட்டத்தைச் சுமக்க வேண்டும். ஆலை போன்ற இடங்களில் அது 0.85-க்குக் கீழே இறங்கினால் மின்கட்டணத்தோடு மிகைக்கட்டணமும் சேரும். அதைத் தவிர்க்கவே ஆலையில் மின்தேக்கிகளை அடுக்கி வைக்கிறார்கள். சுருள் திருப்பித் தருவதை மின்தேக்கி அருகிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறது. தொலைவிலிருந்து கைமாற்று வரவேண்டியதில்லை.

மூன்று கம்பிகளின் கடமை

இப்போது மூதாட்டியாரின் கேள்விக்கு வருவோம்.

முதற் கம்பி மின்னுள்ள கம்பி. அழுத்தம் அதில்தான் ஏறி இறங்குகிறது. இரண்டாவது, திரும்பும் கம்பி. இதனை நடுநிலைக் கம்பி என்பர். சுற்று முழுமையாவதற்கு இவ்விரண்டும் போதும். ஆனால் நடுநிலைக் கம்பி, மின்மாற்றியின் அருகே பூமியோடும் இணைக்கப்பட்டுள்ளது. எனவே மின்சாரம் திரும்பிச் செல்ல மற்றுமொரு பாதை எப்போதும் திறந்தே இருக்கிறது. அந்தப் பாதை, நாம் நிற்கின்ற தரை.

மின்கம்பியில் அமரும் குருவிக்கு ஒன்றும் நேர்வதில்லை. அதன் இரு கால்களும் ஒரே கம்பியில் உள்ளன. திரும்பிச் செல்லப் பாதையில்லை. நாமோ தரையில் நிற்கிறோம். மின்னுள்ள கம்பியைத் தொட்ட கணத்திலேயே நம் உடல் அந்தச் சுற்றில் ஒரு கண்ணியாகிவிடுகிறது. ஈரமான உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் ஓடுவது 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லியாம்பியர். ஏறக்குறைய 10 மில்லியாம்பியரிலேயே கைத்தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். அழுத்தம் வினாடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொட்டாலும், அந்த இமைப்பொழுதில் தசை தளர்வதில்லை. 30 மில்லியாம்பியருக்கு மேல் போனால் இதயத்தின் துடிப்புச் சிதறக்கூடும்.

"பியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று சிலர் கேட்கலாம். காப்பாற்றாது. பிளக்கிலுள்ள பியூஸ் 13 ஆம்பியருக்கு உரியது. உயிரைப் பறிக்கும் 0.23 ஆம்பியர் அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. பியூஸ் கம்பியைக் காப்பது, மனிதனைக் காப்பதன்று.

மனிதனைக் காப்பவை இரண்டு. ஒன்று, பச்சைக் கம்பி எனப்படும் நிலக்கம்பி. கருவியின் உலோக உடலை அது பூமியோடு இணைக்கிறது. உள்ளே ஏதேனும் கம்பி உராய்ந்து உடலைத் தொட்டுவிட்டால், மின்சாரம் குறைந்த தடையுள்ள இந்தக் கம்பி வழியே பெருமளவில் பாயும். பியூஸ் உருகும், அல்லது துண்டிப்பான் விழும். நிலக்கம்பி இல்லையெனில், பழுதுபட்ட கருவி மின்னேறிய நிலையிலேயே நிற்கும். யாரேனும் ஒருவர் வந்து தொடும்வரை காத்திருக்கும்.

மற்றொன்று, மின்கசிவுத் துண்டிப்பான். மின்பெட்டியில் சிறு பொத்தானோடு இருக்கும் ஆர்.சி.சி.பி. என்பது அதுவே. மின்னுள்ள கம்பியும் நடுநிலைக் கம்பியும் அதன் உள்ளே ஒரே இரும்பு வளையத்தைக் கடக்கின்றன. சென்றதும் திரும்பியதும் சமமாயிருந்தால் வளையத்தில் காந்தம் எழாது. ஒரு பகுதி நம் உடல் வழியே தரைக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். நொடியின் சிறு பகுதிக்குள் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 1994 ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குவிதிகள் ஈரமான இடங்களுக்கு 10 மில்லியாம்பியர், கையிற் பிடிக்கும் கருவிகளுக்கு 30 மில்லியாம்பியர், மற்றவற்றிற்கு 100 மில்லியாம்பியர் என இதன் அளவை வகுத்துள்ளன. உங்கள் பெட்டியில் உள்ளது எந்த அளவு என்று பாருங்கள். 100 என்று மட்டும் இருந்தால், குளியலறைக்கும் துவைக்கும் இடத்திற்கும் அது போதாது. பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திச் சோதியுங்கள். அழுத்தியும் விழாவிட்டால், அது பெயருக்குத்தான் அங்கே இருக்கிறது.

அந்த வீட்டில் நிகழ்ந்தது இப்போது விளங்கும். அந்த இயந்திரத்தினுள்ளே மின்னுள்ள கம்பிக்கும் உலோக உடலுக்கும் இடையே சிறு மின்தேக்கிகள் இருந்தன. மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக அவற்றை வைக்கிறார்கள். மாறுதிசை மின்னோட்டம் மின்தேக்கியைக் கடக்கும் என்று கண்டோம் அல்லவா? அந்த மிகச் சிறிய கசிவு, நிலக்கம்பி இருந்தால் பூமிக்குப் போயிருக்கும். கம்பி நறுக்கப்பட்டதால் மூதாட்டியாரின் உடல் வழியே சென்றது. அந்தச் சுருக்கென்ற உணர்ச்சி ஓர் எச்சரிக்கை. நாளை உள்ளே ஒரு கம்பி உரிந்தால், அதே பாதையில் வருவது கசிவாக இராது. முழு மின்சாரமாக இருக்கும். செருப்பு அறுந்த ஒரு நாள் போதும்.

கம்பிகளின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். சுவருக்குள் ஓடும் கம்பிகளில் சிவப்பு மின்னுள்ளது, கறுப்பு நடுநிலை, பச்சை அல்லது பச்சை-மஞ்சள் நிலக்கம்பி. கருவிகளோடு வரும் கம்பியிலோ பழுப்பு மின்னுள்ளது, நீலம் நடுநிலை, பச்சை-மஞ்சள் நிலக்கம்பி. ஆனால் ஆலைகளுக்குரிய மூன்று கட்ட இணைப்பில் நீலமும் மின்னுள்ள கம்பியாக இருக்கக்கூடும். ஆகவே நிறத்தை நம்பிக் கைவைத்தல் ஆகாது. கம்பி வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்றவரிடமே விட வேண்டும்.

வீட்டிற்கு வெளியே

இன்று பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. செம்பனைக் குலை அறுக்கும் அலுமினியக் கழி நீளமானது, இலேசானது. ஆனால் மின்சாரத்தை நன்கு கடத்துவது. மேலே செல்லும் 11 கிலோவோல்ட் கம்பிக்கு உறை இல்லை. கழி அதைத் தொட்டால் சுற்று கழி வழியே, உடல் வழியே, தரையில் முழுமையாகிவிடும். மிக நெருங்கினாலே மின்பொறி தாவக்கூடும். கம்பிக்குக் கீழும் அருகிலும் உள்ள மரங்களில் கைவைக்கும் முன் நிர்வாகத்திடம் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். ஒரு குலையின் விலை ஓர் உயிருக்கு ஈடாகாது.

காட்டுப்பன்றியைத் தடுக்க வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் இணைப்பவர்களும் உண்டு. இது பெருந்தீங்கு. முறையான மின்வேலிக் கருவி ஏறத்தாழ வினாடிக்கொரு முறை, கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைவான துடிப்பைத்தான் தரும். தொட்டவர் விலகிக்கொள்ள இடைவெளி இருக்கும். வீட்டு மின்சாரமோ இடைவெளி தராது. இருட்டில் வேலைக்குச் செல்லும் நம் தோழரையும் பந்து பொறுக்கப் போகும் நம் பிள்ளையையும் அது பன்றியிலிருந்து பிரித்தறியாது.

யாரேனும் மின்சாரத்தில் சிக்கினால், பதறிப்போய் அவரைத் தொட்டுவிடாதீர்கள். தொட்டால் நீங்களும் சுற்றில் அடுத்த கண்ணியாவீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். இயலாவிட்டால், வீட்டு மின்சாரமாயின், உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். வெளியே பெருங்கம்பி அறுந்து விழுந்திருந்தால் பத்து மீட்டருக்கு அப்பால் நின்று, தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கும் 999 எண்ணுக்கும் அழைத்துச் சொல்லுங்கள். விலக்கப்பட்டவர் மூச்சின்றி இருந்தால், மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தமாக அமுக்குங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

தோழர்களே! பாதுகாப்பான மின்சாரத்தைக் கேட்பதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 1990 ஆம் ஆண்டுச் சட்டம், போதிய மின்வசதி செய்து தருவதையும் வீடுகளை நல்ல நிலையில் வைத்திருப்பதையும் வீடு தரும் முதலாளியின் கடமையாக்கியுள்ளது. சுவரில் மின்சாரம் இழுத்தால், துண்டிப்பான் விழாவிட்டால், எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதே வேளையில், கொடுக்கப்பட்ட பாதுகாப்பை நம் கையாலேயே நறுக்கிவிடாமல் இருப்பது நம் கடமை.

அந்த வீட்டு இளைஞர் அன்றே நீட்டுக் கம்பியைக் கழற்றி எறிந்தார். மறுவாரம் பதிவுபெற்ற பணியாளர் வந்து, இயந்திரத்திற்கென நிலக்கம்பியோடு தனி இணைப்புப் போட்டுத் தந்தார். அடுத்த முறை நாங்கள் சென்றபோது மூதாட்டியார் வெறுங்காலோடு நின்று துணி எடுத்துக்கொண்டிருந்தார். "மூன்றாவது கம்பி எதற்கென்று இப்போது தெரிகிறதா, பாட்டி?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம் தோட்டத்து இரவுக் காவலாள் மாதிரி, தம்பி. திருடன் வராத நாளெல்லாம் அவன் சும்மா நிற்பது போலத்தான் தெரியும்."

இதைவிடச் சிறந்த விடையை நாங்கள் அறியோம். மின்சாரம் சென்று திரும்பும் இயல்புடையது. அது திரும்புவதற்குரிய பாதையை முறையாக அமைத்துக் கொடுப்போம். நம் உடலும் நம் பிள்ளைகளின் உடலும் அந்தப் பாதையாகிவிடாமல் காப்போம்.